எல்லைகள் மூடியிருக்கும்போது நோயுற்ற கப்பல் பணியாளரை ஊர் சேர்ப்பது: எந்த வழி, எப்போது?

நடுக்கடலில் ஒருவர் நோயில் விழுந்துவிட்டார் என்ற தகவலைச் சொன்னதும் வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி, "எப்போது ஊருக்குக் கொண்டுவருவீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வியைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் முடிவு பிசகிவிடும். தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: அவரை எந்தக் கரையில் இறக்கிச் சிகிச்சை தொடங்குவது, உடல் தேறியபின் எப்படி வீட்டுக்கு அழைத்து வருவது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், சாதாரண நாட்களில் பணம்தான் வீணாகும். எல்லைகள் மூடிக் கிடக்கும் நாட்களில் உயிரே போகலாம்.

2020-இல் இதைக் கண்ணால் பார்த்தோம். மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்றாக அறிவித்தது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் இந்தியாவில் சர்வதேசப் பயணிகள் விமானங்கள் நின்றன, ஊரடங்கும் வந்தது. உலகெங்கும் துறைமுகங்கள் சரக்கை ஏற்றுக்கொண்டு மனிதர்களை மறுத்தன. கொரோனாவுக்குச் சம்பந்தமே இல்லாத நெஞ்சுவலிக்காரரையும், பல் வீங்கியவரையும், கை முறிந்தவரையும் கரையில் கால் வைக்க விடவில்லை. அந்த ஏப்ரலில் சுமத்ராவுக்கு அருகே, பக்கவாத அறிகுறிகளோடு கிடந்த ரஷ்யப் பணியாளர் ஒருவரைக் கரையிறக்க ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வும், தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும், ஐ.டி.எஃப். தொழிற்சங்கக் கூட்டமைப்பும் தலையிட வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில், ஒப்பந்தம் முடிந்தும் கப்பலைவிட்டு இறங்க முடியாமல் தவித்தவர்கள் சுமார் நான்கு லட்சம் பேர் என்று ஐ.எம்.ஓ. கணக்கிட்டது.

அந்த நாட்களிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவு இது: வழிகளை ஒப்பிடும்போது தூரத்தை அளப்பதற்கு முன், எத்தனை பேர் 'சரி' சொல்ல வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். துறைமுக அதிகாரி, சுகாதார அதிகாரி, குடியேற்றத் துறை, தூதரகம், விமான நிறுவனம், எரிபொருளுக்காக இறங்கும் இடை நாடு என்று ஒவ்வொன்றும் ஒரு கதவு. ஒன்று பூட்டியிருந்தாலும் அந்த வழி இல்லை.

விளங்குவதற்காக ஒரு கற்பனைச் சூழலை வைத்துக்கொள்கிறேன். 2020 ஜூன். தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிய கப்பல் ஒன்று மலாக்கா நீரிணையை நோக்கிக் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. தூத்துக்குடியைச் சேர்ந்த, நாற்பத்தைந்தைக் கடந்த மோட்டார்மேன் (எஞ்சின் அறைப் பணியாளர்) ஒருவர் காலைத் தேநீர் குடிக்கும்போது கோப்பை வலது கையிலிருந்து நழுவுகிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது. பேச வாயெடுத்தால் சொல் வரவில்லை. கப்பல் இலங்கையின் காலிக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 450 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. மணிக்கு பன்னிரண்டரை கடல் மைல் வேகத்தில் காலி ஒன்றரை நாள். தூத்துக்குடி இரண்டே கால் நாள். சுமத்ராவின் வடமுனையும் ஏறத்தாழ அவ்வளவே. சிங்கப்பூர் நான்கு நாளுக்கு மேல்.

சரக்குக் கப்பலில் மருத்துவர் கிடையாது. நூறு பேரோ அதற்கு மேலோ ஏறி, மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பலில்தான் மருத்துவர் இருந்தாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இருபது, இருபத்தைந்து பேர் உள்ள கப்பலில் மருந்துப் பெட்டியின் சாவி பெரும்பாலும் செகண்ட் ஆபீசரிடம் இருக்கும். அவர் இரத்த அழுத்தம் பார்க்கலாம், சர்க்கரை பார்க்கலாம், ஆக்சிஜன் கொடுக்கலாம். ஆனால் மூளையில் அடைப்பா, கசிவா என்று தெரிய சி.டி. ஸ்கேன் வேண்டும். அது தெரியாமல் ஆஸ்பிரின் கொடுத்தால், கசிவாக இருக்கும் பட்சத்தில் நிலைமை மோசமாகும். பக்கவாதம் வந்தவரின் விழுங்கும் தசையும் பழுதாகியிருக்கலாம் என்பதால், அன்பினால் வாயில் ஊற்றும் ஒரு மடக்குத் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய்விடும். எனவே முதல் வேலை வானொலி மருத்துவ ஆலோசனை. ரோமில் 1935-இல் தொடங்கிய சி.ஐ.ஆர்.எம். என்ற மருத்துவ ஆலோசனை மையம் எந்த நாட்டுக் கொடி பறக்கும் கப்பலுக்கும் கட்டணம் இல்லாமல் ஆலோசனை தருகிறது. இன்மார்சாட் செயற்கைக்கோள் தொடர்பில் மருத்துவ ஆலோசனைக்கு 32, நோயாளியை மீட்டுச் செல்லும் உதவிக்கு 38 என்ற எண்கள் உண்டு. ஆலோசனை சொன்ன மருத்துவரிடமிருந்து 'உடனே கரையிறக்க வேண்டும்' என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம். பின்னால் ஒவ்வொரு கதவையும் தட்டும்போது அந்த ஒரு தாள்தான் பேசும்.

முதல் முடிவு: எந்தக் கரை?

ஹெலிகாப்டரைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். கரையிலிருந்து நூறு, நூற்றைம்பது கடல் மைலுக்குள் இருந்தால், நல்ல வெளிச்சமும் வானிலையும் இருந்தால், அதைவிடச் சிறந்த வழி இல்லை. தேடல், மீட்பு தொடர்பான 1979-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையில் மீட்பு என்பதற்கு ஆளைத் தூக்குவது மட்டும் பொருளல்ல. முதற்கட்ட மருத்துவத் தேவையைக் கவனித்துப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதும் அதில் அடங்கும். ஆகவே மீட்பு மையம் பொறுப்பேற்றுவிட்டால் பாதிக் கதவுகள் தானாகத் திறக்கும். ஆனால் 450 மைலில் ஹெலிகாப்டர் எட்டாது. கப்பல் கரையை நோக்கி ஓடி அதன் எல்லைக்குள் வர வேண்டும்.

'அடுத்த துறைமுகம் வரை தாக்குப்பிடிக்கட்டும்' என்பது இரண்டாவது வழி. வாய்விட்டுச் சொல்லாமலே பலர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். சிங்கப்பூரில் மருத்துவம் உயர்தரமானது, கப்பல் எப்படியும் அந்தப் பக்கம் போகிறது, பாதை மாற்றினால் கப்பலை வாடகைக்கு எடுத்தவர் சண்டைக்கு வருவார் என்ற கணக்கு. குடல்வால் அழற்சியாக இருந்தால், ஆன்டிபயாடிக் கொடுத்து மருத்துவர் மேற்பார்வையில் ஓரிரு நாள் தள்ளலாம்; முறிந்த கையைக் கட்டி வைக்கலாம். மூளைக்கும் இதயத்துக்கும் இந்தத் தவணை கிடையாது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் கடலிலேயே போய்விட்டது உண்மைதான். அதற்காக 'இனி அவசரமில்லை' என்று வாதிடுவதை நான் ஏற்கவே மாட்டேன். மூளை வீக்கம், நிமோனியா, இரண்டாவது தாக்குதல் ஆகிய மூன்றும் வரும் நாட்களில்தான் காத்திருக்கின்றன.

பாதை மாற்றுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கடலில் உயிர் காக்கப் பாதை விலகுவது சரக்கு ஒப்பந்த மீறல் ஆகாது என்று கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச விதிகளான ஹேக்-விஸ்பி விதிகள் சொல்கின்றன. நோயாளிக்காகப் பாதை மாற்றியதால் கூடும் எரிபொருள், துறைமுகக் கட்டணம் போன்றவற்றைப் பொதுவாக பி அண்ட் ஐ கிளப்பின் (கப்பல் உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் காப்பீட்டுச் சங்கம்) காப்பீடு ஏற்கும். உலகக் கப்பல்களின் கொள்ளளவில் ஏறத்தாழ 90 சதவீதம் இத்தகைய கிளப்புகளின் சர்வதேசக் குழுமத்தில் உள்ளவற்றிடம்தான் காப்பீடு செய்திருக்கிறது. எனவே 'செலவை யார் தருவார்' என்ற பேச்சு எழுந்தால், கிளப்புக்கு உடனே தகவல் கொடுத்தாயிற்றா என்று திருப்பிக் கேளுங்கள். கிளப்புக்கு அந்தந்தத் துறைமுகத்தில் கரெஸ்பாண்டென்ட் என்ற உள்ளூர்ப் பிரதிநிதி ஒருவர் இருப்பார். மருத்துவமனைப் படுக்கை, ஆம்புலன்ஸ், செலவை ஏற்கும் உறுதிக் கடிதம் எல்லாம் அவர் கையில்.

மிச்சமிருப்பவை கொழும்பும் தூத்துக்குடியும் சுமத்ராவும். நேரத்தை மட்டும் பார்த்தால், காலிக்கு வெளியே இறக்கிக் கொண்டுசேர்க்கக்கூடிய கொழும்பு. பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. இலங்கைக் கடற்படை தென்கரைக்கு அப்பால் போகும் கப்பல்களிலிருந்து நோயாளிகளை எடுத்துவந்து பழகியது. இன்னொன்றையும் நான் பெரிதாக நினைக்கிறேன்: பேச்சிழந்த நோயாளியிடம் தமிழில் பேசக்கூடிய மருத்துவரோ செவிலியரோ அங்கே கிடைப்பார். தூத்துக்குடியின் பலம் வேறு. சொந்த நாட்டுக் குடிமகனை உள்ளே விடமாட்டோம் என்று சொல்வது கடினம். இதுவும் முழு உறுதியாக இருந்ததில்லை. 2020 ஏப்ரலில் மும்பைக்கு வெளியே மரெல்லா டிஸ்கவரி கப்பலில் இருந்த இந்தியப் பணியாளர்கள், ஏப்ரல் 21 அன்று உள்துறை அமைச்சகம் நெறிமுறை வெளியிட்ட பிறகுதான் இறங்க முடிந்தது. அதற்குப் பின் இந்தியத் துறைமுகங்களில் இந்தியப் பணியாளர் இறங்க வழி பிறந்தது: பரிசோதனை, பிறகு வீடு செல்லப் பயண அனுமதிச் சீட்டு.

இங்கே வரைபடத்தை விரித்துப் பாருங்கள். காலியை நோக்கித் திரும்பிய கப்பல், இலங்கையின் மேற்குக் கரையோரமாகவே தொடர்ந்து ஓடினால் மன்னார் வளைகுடா வழியாகத் தூத்துக்குடி வந்துவிடும். இலங்கை அனுமதித்தால் அங்கே இறக்கலாம். மறுத்தாலும் ஒரு மணி நேரமும் வீணாகாமல் இந்தியாவை நோக்கி ஓடிக்கொண்டிருப்போம். சுமத்ரா பக்கம் திரும்பிய பின் மறுப்பு வந்தால் அடுத்த வாய்ப்புக்கு இன்னும் வெகுதூரம் ஓட வேண்டும். அதனால் இந்த நிலையில் என் தேர்வு தயக்கமில்லாமல் வடமேற்குத் திசை. கப்பல் திரும்பிய மணியிலேயே இரண்டு நாட்டுத் துறைமுகங்களிலும் உள்ள கப்பல் ஏஜென்டுகளுக்கும் ஒரே மருத்துவ அறிக்கை போக வேண்டும். ஒருவர் பதிலுக்காகக் காத்திருந்து மற்றவரைக் கேட்பது அந்நாட்களில் நடந்த மிகக் கொடிய கால விரயம்.

கப்பல் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டியதில்லை என்பதைக் குடும்பத்தார் அறிந்திருப்பதில்லை. வெளியே நின்றால் போதும், லாஞ்ச் என்ற சிறு படகு வந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று. காலிக்கு வெளியே அலை உயரும். கேப்டன் கப்பலைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி மறைவுப் பக்கம் ஒன்றை உண்டாக்குவார். நோயாளியைத் தலை முதல் கால் வரை ஸ்ட்ரெச்சரில் வாரால் கட்டி, உணவுப்பொருள் ஏற்றும் சிறிய கிரேனில் மாட்டி, இரு முனையிலும் கயிறு பிடித்து மெல்ல இறக்குவார்கள். பாஸ்போர்ட், சி.டி.சி. என்ற கடற்பணிச் சான்றுப் புத்தகம், மருத்துவ அறிக்கை, அவர் சாப்பிடும் மாத்திரைகள், கைப்பேசி, அதன் சார்ஜர் ஆகியவை தண்ணீர் புகாத பையில் அவர் மார்போடு கட்டப்பட்டிருக்க வேண்டும். சார்ஜரை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். பார்வையாளர் அனுமதியில்லாத வார்டில் மனைவியும் பிள்ளைகளும் அவருக்குக் கிடைப்பது அந்தக் கைப்பேசியில் மட்டும்தான்.

இரண்டாம் முடிவு: வீட்டுக்கு எப்படி?

கொழும்பில் இறக்கியாயிற்று, உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று கொள்வோம். இப்போதுதான் குடும்பத்தாரின் கேள்விக்கு முறை வருகிறது.

அங்கேயே வைத்திருந்து முடிந்தவரை குணமாக்குவது என்ற வழியைப் பலர் கைவிட்ட நிலை என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல மருத்துவமனை, தொடரும் சம்பளம், செலவை ஏற்கும் கிளப் மூன்றும் இருந்தால், முதல் இரண்டு வாரங்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். உடலுக்குள் அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரியும். பக்கவாதம் வந்த முதல் சில நாட்களும், வயிற்று அறுவைக்குப் பிந்தைய நாட்களும், நுரையீரல் சுருங்கிச் சரியான முதல் வாரமும் பயணத்துக்கு உகந்தவை அல்ல. இந்த வழியின் குறை தனிமை. வாரக்கணக்கில் நீண்டால் மனம் உடைந்துபோகும். உடற்பயிற்சிச் சிகிச்சையும் தாமதமாகும்.

ஏர் ஆம்புலன்ஸ் பற்றி இரண்டு வேறு கதைகள் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ சிறு விமானம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். நடுவில் எந்த நாட்டிலும் இறங்க வேண்டாம். தேவைப்பட்டால் தாழப் பறந்து உள்ளே கடல்மட்ட அழுத்தத்தை வைத்துக்கொள்ளலாம். இந்தியா பயணிகள் விமானங்களை நிறுத்தியபோதும், விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தனியே அனுமதித்த விமானங்களுக்கு விலக்கு இருந்தது. விமானக் குழுவினர் வெளியேறாமல், ஓடுதளத்தருகே ஆம்புலன்ஸிலிருந்து நோயாளியைக் கைமாற்றிக்கொண்டு அப்படியே திரும்பிவிடலாம். தனிமைப்படுத்தல் தொல்லை அவர்களைத் தொடாது. தீவிர சிகிச்சை தேவைப்படும் நிலையில், இவ்வளவு குறுகிய தூரத்துக்கு, நான் இதற்கே வாதாடுவேன். இதே மனிதர் பிரேசிலின் சாந்தோஸில் படுத்திருந்தால் கதை தலைகீழ். சிறு ஜெட் எரிபொருளுக்காகப் பலமுறை இறங்க வேண்டும். ஒவ்வொரு இறக்கமும் ஒரு நாட்டின் அனுமதி, அந்த நாட்டின் விதி இரவோடு இரவாக மாறும் அபாயம். செலவு ரூபாயில் கோடியைத் தாண்டும். அந்த நெடும்பயணத்தின் களைப்பும் நோயாளி மேல்தான் விழும். அங்கே காத்திருப்பதே மேல்.

பயணிகள் விமானத்தில் செவிலியரோ மருத்துவரோ துணைவரப் பயணிப்பதுதான் சாதாரண நாட்களில் பெரும்பாலோர் வரும் வழி. விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தைச் சிகிச்சை மருத்துவர் நிரப்ப வேண்டும். ஸ்ட்ரெச்சர் என்றால் பல இருக்கைகளை மடக்கித் திரைகட்டி இடம் செய்வார்கள். 2020 மே 7 முதல், வெளிநாடுகளில் சிக்கிய இந்தியர்களை அழைத்துவர வந்தே பாரத் விமானங்கள் ஓடின. பெயர்ப்பட்டியல் தூதரகத்தின் கையில் இருந்ததால், ஒரு நோயாளிக்காக ஓர் இருக்கை வரிசையைக் கேட்பது எளிதாக இருக்கவில்லை. உட்கார்ந்து வரக்கூடியவருக்கு அவை பெரும் உதவி. இந்த வழியில் பலரும் மறக்கும் முடிச்சு, துணைக்கு வரும் செவிலியர். அவருக்கும் விசா வேண்டும், பரிசோதனை வேண்டும், போன இடத்தில் பதினான்கு நாள் தனிமை, திரும்ப விமானமே இல்லாத நிலை. நோயாளிக்குத் திறந்த கதவு துணைவருக்குப் பூட்டியிருக்கும். அதே பட்டியலில் ஊர் திரும்பக் காத்திருக்கும் இந்திய மருத்துவரோ செவிலியரோ இருக்கிறாரா என்று தூதரகத்திடம் கேட்பதே இதற்கு நான் கண்ட நல்ல தீர்வு.

கொழும்புக்கு வாய்த்த இன்னொரு வழியும் இருந்தது. 2020 ஜூன் தொடக்கத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஸ்வா, கொழும்பில் சிக்கியிருந்த இந்தியர்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. நடமாடத் தொடங்கிவிட்ட ஒருவருக்கு இப்படியொரு கப்பல் கிடைத்தால், உயரத்தால் வரும் ஆபத்து இல்லை, இறங்கும் இடமும் வீட்டருகே. படுக்கையிலேயே இருப்பவருக்கு இது பொருந்தாது.

இறங்கும் ஊரைத் தேர்ந்தெடுப்பதிலும் அதே அனுமதிக் கணக்கு உண்டு. தூத்துக்குடிக்காரருக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம் சென்னையைவிட மிக அருகில். சென்னை என்றால் ஆம்புலன்ஸில் அறுநூறு கிலோமீட்டர். ஆனால் அந்த நாட்களில் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்ட இரு மாநில இ-பாஸும் சோதனைச் சாவடியும் குறுக்கே நின்றன. மதுரைக்கு விமானம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. இல்லாவிட்டால் சென்னையில் இறக்கி, அங்கேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்து, தேறியபின் தெற்கே அனுப்புவதே பாதுகாப்பு. எங்கே இறக்கினாலும், படுக்கை உறுதி என்று அந்த மருத்துவமனையின் கடிதம் விமானம் கிளம்புமுன் கையில் இருக்க வேண்டும். ஸ்கேன் படங்கள் குறுந்தகட்டில் வேண்டும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

பணமும் கையெழுத்தும்

எந்த வழியைத் தேர்ந்தாலும் செலவு குடும்பத்தின் தலையில் விழக்கூடாது. இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, பணியில் இருக்கும்போது வந்த நோய்க்கான சிகிச்சையும் ஊர் திரும்பும் செலவும் கப்பல் உரிமையாளருடையவை. நாட்டுச் சட்டம் அந்தப் பொறுப்புக்கு வரம்பு வைக்கலாம். ஆனால் நோய் தொடங்கியதிலிருந்து பதினாறு வாரத்துக்குக் குறையக்கூடாது. தொழிற்சங்கத்தோடு செய்த கூட்டு ஒப்பந்தம் இருந்தால் நோய்க்காலச் சம்பளம் அதற்கும் மேலே போகலாம், எனவே ஒப்பந்தப் பிரதியைத் தேடி எடுங்கள். குணமாகிவிட்டது அல்லது ஊனம் நிலைத்துவிட்டது என்று மருத்துவர் முடிவு சொல்லுமுன், 'கணக்கு முடிந்தது' என்ற வாசகம் உள்ள எந்தத் தாளிலும் நோயாளியோ மனைவியோ கையெழுத்திட வேண்டாம். இதை எங்கள் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

இப்போது கையில் கூடுதலாக ஓர் ஆயுதம் இருக்கிறது. 2020 ஜூலையில் ஐ.எம்.ஓ. சுற்றறிக்கை, அவசர சிகிச்சை தேவைப்படும் பணியாளரை உடனே கரையிறக்குமாறு துறைமுக நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால் மறுத்தவர்களும் உண்டு. 2021-இல் கப்பலிலேயே இறந்த இத்தாலியக் கேப்டன் ஒருவரின் உடலைக்கூட வழியில் இருந்த நாடுகள் ஏற்க மறுத்து, கப்பல் அதைச் சுமந்துகொண்டு இத்தாலிக்கே திரும்ப நேர்ந்தது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. உடனடி சிகிச்சை தேவைப்படுபவரைத் தாமதமின்றிக் கரையிறக்குவதும், இறந்தவரின் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்ப உதவுவதும் அவற்றின்படி உறுப்பு நாடுகளின் கடமை. அடுத்த முறை ஒரு துறைமுகம் மறுத்தால், ஏஜென்ட் அனுப்பும் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே இந்தத் திருத்தத்தைக் குறிப்பிடச் சொல்லுங்கள். அந்த நாடு உடன்படிக்கையை ஏற்றதா என்பதை ஐ.எல்.ஓ.வின் இணையதளத்தில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். கப்பல் பறக்கவிடும் கொடியின் நாட்டுக்கும், மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும், பணியாளரின் சங்கத்துக்கும் அதன் நகல் அதே நேரத்தில் போக வேண்டும்.